காயா? பழமா?

இங்க கல்லூரி பாஸ்கெட்பால் பாக்க உக்காந்தீங்கன்னா ஒரு வசனத்தை ஆட்டத்துக்கு மூணு தடவையாவது கேக்கலாம். "பையனுக்கு உடம்பு பிரமாதம், ஆட்டம்தான் இன்னும் பச்சை." டிவி வர்ணனையாளர் சொல்வார், பீட்சா கடையில வரிசையில நிக்கிறவர் சொல்வார், என் ரூம்மேட்டும் சொல்வான். ஆறடி பத்தங்குல உயரம், நூறு மீட்டர் ஓட்டக்காரன் மாதிரி வேகம், நின்ன எடத்துலேர்ந்து எம்பினா வளையத்துக்கு மேல கை. ஆனா பந்து கைக்கு வந்ததும் திருவிழாவுல தொலைஞ்ச குழந்தை மாதிரி முழிப்பான். நம்ம ஊர் கிரிக்கெட் பாஷையில சொன்னா, 145 கிலோமீட்டர் வேகம் போடுவான், எங்க விழும்னு அவனுக்கே தெரியாது. அந்த ரகம்.

எங்க பல்கலைக்கழக டீம்லயும் அப்படி ஒருத்தன் இருக்கான். பேர் வேணாம். வயசு பத்தொன்பதுதான், அவனைத் திட்டி எழுத ஏற்கனவே ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இது ரெண்டாவது சீசன். மாணவர் பகுதியில என்னைச் சுத்தி உக்கார்ற கும்பல் நவம்பர்ல அவனை 'அடுத்த எம்பீட்'னு கொண்டாடுச்சு. பிப்ரவரில அவன் பெஞ்சுலேர்ந்து எழுந்தாலே முனகுது. நவம்பர்ல பழுத்தவன் பிப்ரவரில எப்படிங்க மறுபடியும் காயாவான்? ரெண்டுல ஒண்ணு தப்பா இருக்கணும். என் சந்தேகம், ரெண்டுமே தப்பு.

நான் படிக்கறது புள்ளியியல். அதனால இந்த விஷயம் வீட்டுப்பாடத்தை விட சுவாரஸ்யமா தோணிடுச்சு. ஒருத்தன் வளர்றானா இல்லையான்னு எதை வெச்சு சொல்றது? ஆட்டத்துக்கு எத்தனை பாயின்ட் எடுத்தான்னு பாத்து சொல்றதுதான் எல்லாரும் செய்யறது. அதுதான் இருக்கறதுலயே மோசமான அளவுகோல்னு எனக்குப் படுது. ஏன்னு சொல்ல ரெண்டு பேர் கதை தேவை. ரெண்டு பேருமே ஆப்பிரிக்காவுல பதின்ம வயசுல லேட்டா பந்தைத் தொட்டவங்க, ரெண்டு பேருமே நெடுமரம்.

முதல் ஆள் ஹஷீம் தபீட். தான்சானியாவுல தார் எஸ் சலாம் பையன். உயரம் ஏழடி மூணங்குலம். பாஸ்கெட்பால் ஆட ஆரம்பிச்சதே பதினஞ்சு வயசு வாக்குல. 2006-ல கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கோச் ஜிம் கால்ஹூன், சாதாரண ஆள் இல்ல, அப்பவே ரெண்டு தேசிய சாம்பியன்ஷிப் ஜெயிச்சவர். தபீட் அங்க மூணு சீசன் ஆடினார். ஆட்டத்துக்கு சராசரி பாயின்ட்: 6.2, 10.5, 13.6. ரீபவுண்ட்: 6.4, 7.9, 10.8. பிளாக் ஒவ்வொரு வருஷமும் நாலை ஒட்டியே. மாடிப்படி ஏறற மாதிரி அழகா ஏறுது இல்ல? 2009-ல டீம் கடைசி நாலுக்குப் போச்சு. பிக் ஈஸ்ட் பிரிவுல சிறந்த ஆட்டக்காரர் விருதை பிட்ஸ்பர்க் டீமோட டுவான் பிளேரோட பங்கு போட்டுக்கிட்டார். அந்த வருஷ என்.பி.ஏ டிராஃப்ட்ல மெம்ஃபிஸ் டீம் இவரை ரெண்டாவது ஆளா எடுத்தது. மூணாவதா போனது ஜேம்ஸ் ஹார்டன். ஏழாவதா போனது ஸ்டீஃபன் கரி. (மெம்ஃபிஸ் ரசிகர் யாராவது இதைப் படிச்சா மன்னிச்சுக்குங்க, வெந்த புண்ணுதான்.)

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. முதல் சீசன்ல ஆட்டத்துக்கு 3.1 பாயின்ட். 2010 பிப்ரவரில கீழ்நிலை லீக்குக்கு அனுப்பிட்டாங்க. டிராஃப்ட்ல அவ்வளவு மேல எடுக்கப்பட்ட ஒருத்தரை அதுவரைக்கும் அங்க அனுப்பினதே இல்ல. 2011-ல ஹூஸ்டனுக்குக் கை மாத்தினாங்க, அப்புறம் போர்ட்லாண்ட், அப்புறம் ஓக்லஹோமா சிட்டி. 2014-ஓட என்.பி.ஏ வாழ்க்கை முடிஞ்சது. மொத்த சராசரி 2.2 பாயின்ட். பின்னால ஜப்பான், தைவான்னு போய் ஆடினார்.

அந்த மாடிப்படி கணக்கு பொய்யா? பொய் இல்ல, ஆனா அது அளந்தது வேற எதையோ. மத்த ஒரு வரியைப் பாருங்க. அசிஸ்ட், அதாவது கூட ஆடறவன் கூடை போடற மாதிரி பந்தைக் கொடுக்கறது. மூணு வருஷமும் ஆட்டத்துக்கு 0.4, 0.4, 0.5. உசரமான ஆளுக்கு அசிஸ்ட் எதுக்குன்னு கேப்பீங்க. அவர் நிறைய பாஸ் பண்ணணும்னு நான் சொல்ல வரல. மூணு வருஷம் ஆடியும் கையில பந்து இருக்கறப்ப மத்த நாலு பேர் எங்க நிக்கறாங்கன்னு பாக்கற பழக்கம் வரலைன்னு அந்த 0.5 சொல்லுது. பந்து வருது, மேல போடறான், இல்லைன்னா வந்த ஆள்கிட்டயே திருப்பிக் கொடுக்கறான். ரீபவுண்டும் பிளாக்கும் கூடினது, உடம்புல சதை ஏறினதாலயும் ஆட வெச்ச நேரம் கூடினதாலயும். கூடினது நல்லதுதான். ஆனா கத்துக்கிட்டதால கூடினதுன்னு சொல்ல முடியாது.

இன்னொரு அடையாளமும் 2009-லயே கிடைச்சது. பிப்ரவரி 16, ஹார்ட்ஃபோர்ட்ல பிட்ஸ்பர்க்கோட ஆட்டம். டுவான் பிளேர் ஆறடி ஏழங்குலம், தபீட்டை விட எட்டங்குலம் குட்டை. ஆனா அடிப்பாகம் அம்மிக்கல்லு. அன்னிக்கு பிளேர் 22 பாயின்ட், 23 ரீபவுண்ட். தபீட் 5 பாயின்ட், 4 ரீபவுண்ட். நடுவுல பந்துக்கு மல்லுக்கட்டறப்ப பிளேர் இவரை முதுகு மேல தூக்கிப் போட்ட காட்சி இன்னிக்கும் யூட்யூப்ல சுத்திக்கிட்டு இருக்கு. அதைப் பாத்து சிரிக்கறவங்க முக்கியமானதை விட்டுடறாங்க. விழுந்ததை விடுங்க, விழறதுக்கு முன்னால கால் எங்க இருக்குன்னு பாருங்க. உயரமா, நிமிர்ந்து, முட்டி மடங்காம நிக்கறார். குட்டையான ஒருத்தன் இடுப்புக்குக் கீழ வந்து நெம்பினா எந்தத் தென்னைமரமும் சாயும். கல்லூரியில பிளேர் மாதிரி ஆள் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் எதிர்ல வருவான். என்.பி.ஏ-ல ராத்திரிக்கு ராத்திரி வருவான்.

அடுத்து ரெண்டாவது ஆள். ஹக்கீம் ஒலாஜுவான், நைஜீரியா, லாகோஸ். அங்க கைப்பந்து ஆட்டத்துல கோல்கீப்பர், கால்பந்தும் ஆடினவர் (நான் சொல்ற கைப்பந்து நம்ம ஊர் வாலிபால் இல்ல, கையால கோல் போடற ஹேண்ட்பால்). 1980-ல ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார், முதல் வருஷம் ஆடவே இல்ல, பயிற்சி மட்டும். அப்புறம் மூணு சீசன். பாயின்ட் 8.3, 13.9, 16.8. ரீபவுண்ட் 6.2, 11.4, 13.5. தபீட் கணக்கோட பக்கத்துல வெச்சா, மேலதான் இருக்கு, ஆனா ஏறற விதம் ஒண்ணேதான். இதை மட்டும் வெச்சு ஒருத்தர் வரலாற்றுலயே பெரிய ஆட்டக்காரர்கள்ல ஒருத்தர், இன்னொருத்தர் 2.2 பாயின்ட்னு யாரும் சொல்லியிருக்க முடியாது.

அசிஸ்ட் வரியைப் பாருங்க: 0.4, 0.9, 1.3. சின்ன எண்தான். ஆனா தபீட் நின்ன எடத்துலேர்ந்தே கிளம்பி மூணு மடங்கு ஆயிருக்கு. ரெண்டு பேர், மூணு மூணு வருஷம், இதை வெச்சு விதி எழுதற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல (எங்க புரொபசர் பாத்தா சிவப்பு மையால சுழிச்சிடுவார்). ஆனா எந்தப் பக்கம் திரும்பிப் பாக்கணும்னு சொல்ல இது போதும்.

ஒலாஜுவானுக்கு இன்னொண்ணும் வாய்ச்சது. ஹூஸ்டன்ல ஃபாண்ட் ரிக்ரியேஷன் சென்டர்னு ஒரு பொது உடற்பயிற்சிக் கூடம். கோடைக்காலத்துல என்.பி.ஏ ஆளுங்க அங்க வந்து சும்மா ஆடுவாங்க. அதுல ஒருத்தர் மோசஸ் மலோன். 1979, 1982, 1983-ல என்.பி.ஏ-ல மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினவர், ரீபவுண்டுக்குன்னே பொறந்தவர். கல்லூரிப் பையன் ஒருத்தன் கோடை முழுக்க அவர்கிட்ட இடி வாங்கறான். கேமரா இல்ல, ஸ்கோர்போர்டு இல்ல. தபீட்டுக்கு வருஷத்துல ரெண்டு தடவை வந்த பிளேர், இவருக்குக் கோடை முழுக்க வந்தார்னு வெச்சுக்குங்களேன். 1983 தேசிய இறுதி ஆட்டத்துல ஹூஸ்டன் 54-52-னு நார்த் கரோலினா ஸ்டேட்கிட்ட தோத்தது. தோத்த டீம்லேர்ந்து ஒருத்தரைத் தொடரின் சிறந்த ஆட்டக்காரரா தேர்ந்தெடுத்தாங்க. ஒலாஜுவான்தான், 20 பாயின்ட், 18 ரீபவுண்ட். 1984 டிராஃப்ட்ல முதல் ஆள். மூணாவதா போனவர் பேர் மைக்கேல் ஜோர்டன், ஆனா ஹூஸ்டன்ல அதுக்காக யாரும் அழுததா தெரியல. 1994, 1995-னு ரெண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவர் ஆச்சே.

இப்ப ப்ரீ த்ரோவுக்கு வரேன். பாஸ்கெட்பால் தெரிஞ்ச மக்கள் இதைத்தான் முதல்ல எதிர்பாத்திருப்பீங்க. ஃபவுல் கிடைச்சா பதினஞ்சடி தூரத்துல தனியா நின்னு, யாரும் தடுக்காம போடற ஷாட். எதிராளி யாரா இருந்தாலும் வளையம் அதேதான், தூரம் அதேதான். அதனால பையனோட கை எப்படின்னு தெரிஞ்சுக்க இதை விட சுத்தமான சோதனை கிடையாது. மூணு பாயின்ட் ஷாட்டை விட இது ஏன் முக்கியம்னா, அங்க எவ்வளவு நல்ல நிலைமையில போடறான்ங்கறது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் கவாய் லெனர்ட். சான் டியேகோ ஸ்டேட்ல 2009-லேர்ந்து ரெண்டு சீசன். பெரிய கை, பெரிய தோள், ரீபவுண்ட் பத்துக்குப் பத்து. ஆனா மூணு பாயின்ட் ஷாட் முதல் வருஷம் 20.5 சதவீதம், ரெண்டாவது வருஷம் 29.1. இவனுக்கு ஷாட் கிடையாதுன்னு முடிவு கட்டிட்டாங்க. 2011 டிராஃப்ட்ல பதினஞ்சாவது ஆளாதான் போனார். இந்தியானா எடுத்து, அன்னிக்கே சான் அன்டோனியோவுக்குக் கை மாத்திடுச்சு. அதே ரெண்டு வருஷ ப்ரீ த்ரோவைப் பாருங்க: 72.6, 75.9. கை கெட்ட கை இல்லைன்னு அது கத்திக்கிட்டே இருந்திருக்கு. சான் அன்டோனியோவுல சிப் எங்கலண்ட்னு ஷாட்டுக்குன்னே ஒரு கோச் இருந்தார். பந்தைப் பிடிக்கற விதத்தையும் விடற எடத்தையும் சரி பண்ணினார். முதல் என்.பி.ஏ சீசன்லயே, கல்லூரியை விடத் தள்ளி இருக்கற கோட்டுலேர்ந்து, 37.6 சதவீதம். 2014-லயும் 2019-லயும் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

எதிர்ப்பக்கம் ஆண்ட்ரே டிரம்மண்ட். 2011-12-ல கனெக்டிகட்ல ஒரே சீசன், ப்ரீ த்ரோ 29.5 சதவீதம். கண்ணைக் கட்டிக்கிட்டுப் போட்டாலும் அதைவிட... சரி வேணாம். என்.பி.ஏ-லயும் அதேதான் தொடர்ந்தது. 2016 ஜனவரில ஹூஸ்டன் டீம் வேணும்னே அவரையே ஃபவுல் பண்ணிக்கிட்டு இருந்தது, ஒரே ஆட்டத்துல 23 ப்ரீ த்ரோ தவற விட்டு சாதனை பண்ணினார். ஆனா அவரை வீணாப் போனவர்னு சொல்ல முடியாது, நாலு சீசன் என்.பி.ஏ-லயே ரீபவுண்ட்ல முதல் ஆள். உடம்பும் பந்து எங்க விழும்ங்கற மோப்பமும் கல்லூரியில இருந்தா மேலயும் கூடவே வரும். கை அப்படியில்ல.

ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு. ஒலாஜுவானோட கல்லூரி ப்ரீ த்ரோ கடைசி வருஷம் 52.6 சதவீதம்தான். முதல் வருஷத்தை விடக் கம்மி! அப்புறம் என்.பி.ஏ-ல மொத்த சராசரி 71-க்கு மேல. ப்ரீ த்ரோவை மட்டும் வெச்சுப் பாத்திருந்தா ஒலாஜுவானைக் கோட்டை விட்டிருப்போம். அதனாலதான் ஒத்தை எண்ணை வெச்சு ஜோசியம் சொல்றவங்களைக் கண்டா எனக்கு எரிச்சல் வரும்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணம் கணக்கு. ஒரு உசரமான பையன் ஒரு சீசன்ல தோராயமா நூறு ப்ரீ த்ரோ போடறான்னு வெச்சுக்குங்க. அவனோட உண்மையான திறமை 60 சதவீதம். எதுவுமே மாறாட்டியும், வெறும் அதிர்ஷ்டத்தால மட்டும் அந்த எண் அஞ்சு புள்ளி மேலயோ கீழயோ ஆடும். ரெண்டு சீசனை ஒப்பிட்டா ஆட்டம் ஏழு புள்ளி வரைக்கும் சாதாரணமாவே போகும். அப்ப போன வருஷம் 56, இந்த வருஷம் 62-ன்னா, முன்னேறினானா இல்ல காத்து அடிச்சுதா? சொல்லவே முடியாது. மூணு பாயின்ட் ஷாட் நாப்பதுதான் போட்டிருக்கான்னா நிலைமை இன்னும் மோசம். ரெண்டு பந்து உள்ள போயிருந்தா அஞ்சு சதவீதம் கூடியிருக்கும். அந்த ரெண்டு பந்தை வெச்சு ஒருத்தனோட எதிர்காலத்தை டிவியில பேசறாங்க.

அதனால எண்ணை விட்டுட்டு ஆளைப் பாக்கணும்ங்கறீங்களா? பாதி சரி. கண்ணும் ஏமாத்தும். ஒரு அட்டகாசமான டங்க் அடிச்சா அடுத்த பத்து நிமிஷம் அவன் செஞ்ச தப்பு எதுவும் நம்ம கண்ணுக்குத் தெரியாது. நான் பாக்கறது ஒண்ணுதான்: தப்பு மாறுதா? பழைய தப்பையே திரும்பத் திரும்பப் பண்றானா, இல்ல புதுத் தப்பு பண்றானா? புதுத் தப்பு பண்றவன் வளர்றான்.

இதைக் கண்ணால பாக்க ஜோயல் எம்பீட் மாதிரி இன்னொருத்தர் கிடைக்க மாட்டார். கேமரூன்ல வாலிபால் ஆடிக்கிட்டு இருந்தவர். 2011-ல லூக் எம்பா அ மூட்டே நடத்தின முகாம்ல கண்ணுல பட்டு அமெரிக்கா வந்தார். 2013-14-ல கான்சாஸ் பல்கலைக்கழகத்துல ஒரே சீசன், அதுவும் 28 ஆட்டம்தான், முதுகு எலும்புல விரிசல். ஆட்டத்துக்கு 23 நிமிஷத்துல 11.2 பாயின்ட், 8.1 ரீபவுண்ட். பிரமாதம்னு சொல்ற எண் இல்ல. ஃபவுல் 3.4. இதை முழு ஆட்டத்துக்கு, அதாவது நாப்பது நிமிஷத்துக்குப் பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட ஆறு வரும். கல்லூரியில அஞ்சாவது ஃபவுல்ல வெளிய உக்கார வெச்சிடுவாங்க. அதாவது முழு ஆட்டம் ஆடவே லாயக்கில்லாதவர்னு எண் சொல்லுது.

ஆனா அந்த ஆட்டங்களை இப்ப எடுத்துப் பாருங்க, கிடைக்குது. நவம்பர்ல எவன் பந்தோட எம்பினாலும் கூடவே எம்பறார், ஏமாந்து போய் அவன் மேலயே விழறார். ஜனவரில அந்த ஏமாத்துக்கு எம்பறது குறைஞ்சிருக்கு. இப்ப ஃபவுல் வர்ற எடம் வேற, உதவிக்கு அரை நொடி லேட்டா வந்து மோதறார். இது புதுத் தப்பு. எங்க போகணும்னு தெரிஞ்சிருக்கு, எப்ப கிளம்பணும்னுதான் இன்னும் தெரியல. தாக்குதல்லயும் அப்படித்தான். முதுகுல ஆளை வெச்சுக்கிட்டு ஒரு பக்கம் போற மாதிரி காட்டி மறுபக்கம் சுழல்றது ஒலாஜுவானோட சொத்து. ஒலாஜுவான் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாத்து பழகினவர் எம்பீட். மூணு வருஷம் மட்டுமே பாஸ்கெட்பால் ஆடின ஒருத்தர் அதை கல்லூரி ஆட்டத்துல முயற்சி பண்ணி, பாதி தடவை பந்தைத் தொலைக்கறார். டர்ன் ஓவர்னு கணக்குல ஏறும். கணக்கு அதை அழிவுன்னு எழுதும், நான் அதை வரவுன்னு எழுதுவேன். 2014-ல மூணாவது ஆளா டிராஃப்ட் ஆனார், 2023-ல மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது.

வயசைப் பத்தி ஒரு வரி. பிறந்த வயசு வேற, ஆட்ட வயசு வேற. ஏழு வயசுலேர்ந்து ஆடற பத்தொன்பது வயசுப் பையனும், பதினாறுல ஆரம்பிச்ச பத்தொன்பது வயசுப் பையனும் ஒரே தப்பைப் பண்ணினா ரெண்டாமவனைப் பத்திதான் எனக்குக் கவலை கம்மி. முதலாமவனுக்கு அது பழக்கமாயிருக்கும்.

ஆட விடற நேரமும் அப்படித்தான். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் யுசிஎல்ஏ-ல முதல் வருஷம் ஆட்டத்துக்கு ஒன்பது நிமிஷம், 3.4 பாயின்ட். அவருக்கு முன்னால டேரன் காலிசன் இருந்தார். அடுத்த வருஷம் 12.7. ஒரே வருஷத்துல நாலு மடங்கு திறமை கூடிடுச்சா என்ன? நேரம் கூடுச்சு. எதிராளி யாருங்கறதும் இருக்கு. நவம்பர்ல பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்து வரவழைச்சு ஆடும். உதை வாங்கிட்டு செக்கை வாங்கிட்டுப் போவாங்க. அங்க அடிச்ச இருபது பாயின்ட்டையும் ஜனவரில சொந்தப் பிரிவுல அடிச்ச ஆறையும் ஒரே தட்டுல வெச்சா எங்க மாணவர் பகுதி மாதிரிதான் முனகத் தோணும்.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் யோசிக்கணும்? வெறும் ஆட்டம்தானேன்னு நினைக்கலாம். ஒலாஜுவானுக்கு ஒரு வருஷம் சும்மா உக்காந்து பாக்கவே நேரம் இருந்தது. இப்ப நிலைமை வேற. 2021-லேர்ந்து வீரர்கள் விளம்பரத்துல சம்பாதிக்கலாம். அதே வருஷம், வேற கல்லூரிக்கு மாறினா ஒரு வருஷம் ஆடாம இருக்கணும்ங்கற விதியை ஒரு தடவைக்குத் தளர்த்தினாங்க. 2024-ல எத்தனை தடவை வேணா மாறலாம்னு ஆச்சு. 2025 ஜூலைலேர்ந்து கல்லூரியே நேரடியா காசு கொடுக்கலாம். வீரர்களுக்குக் காசு கிடைக்கறதுல எனக்கு முழு சந்தோஷம், இத்தனை வருஷம் அவங்க உழைப்புல கோச்சுங்க மட்டும் கோடி கோடியா வாங்கினது அநியாயம். ஆனா கோச் பக்கம் யோசிச்சுப் பாருங்க. அதே காசுக்கு நாலு வருஷம் ஆடிப் பழகின இருபத்திரண்டு வயசுக்காரன் சந்தையில கிடைக்கறான். பத்தொன்பது வயசுக் காயை வெச்சு யாரு பழுக்க வைப்பாங்க? முன்னால மூணு வருஷத்துல எடுத்த முடிவை இப்ப ஒரே சீசன்ல, நூறு ப்ரீ த்ரோவை வெச்சு எடுக்கறாங்க. வசந்த காலம் வந்தா 'உனக்கு இங்க நேரம் கிடைக்காதுப்பா'ன்னு நாசூக்கா சொல்லி அனுப்பிடறாங்க. பையன் அடுத்த ஊர்ல, அடுத்த கோச்கிட்ட, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஷாட் மாத்தற ஆள் மாறிக்கிட்டே இருந்தா ஷாட் எப்படிங்க சரியாகும்?

தபீட் கதையிலயும் இந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு, நியாயத்துக்கு அதையும் சொல்லணும். மெம்ஃபிஸ்ல அவர் எடத்துல அப்பவே மார்க் கசோல் நின்னுக்கிட்டு இருந்தார். ரெண்டு வருஷம் கூட ஆகறதுக்குள்ள வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க, அஞ்சு வருஷத்துல நாலு டீம். சான் அன்டோனியோ மாதிரி ஒரு எடத்துக்கு, ரெண்டாவதா இல்லாம இருபதாவது ஆளா போயிருந்தா? பத்து வருஷம் ஓரமா நின்னு பிளாக் பண்ணிக்கிட்டு மரியாதையா சம்பாதிச்சிருப்பார்னு நான் நினைக்கறேன். ஒலாஜுவானா ஆகியிருக்க மாட்டார். ஆனா அவர் பேரைச் சொன்னாலே சிரிக்கற நிலைமை வந்திருக்காது. தப்பா எடை போட்டது மெம்ஃபிஸ், ஆயுசு முழுக்க அடைமொழியைச் சுமக்கறது அந்த மனுஷன்.

சரி, எங்க பையனுக்கு வர்றேன். ஒரு நோட்டு போட்டு ஜனவரிலேர்ந்து எழுதிக்கிட்டு வர்றேன். பாயின்ட் எழுதறதில்ல. பந்து வாங்கறதுக்கு முன்னால தலையைத் திருப்பிப் பாக்கறானா, முட்டி மடங்கி இருக்கா, ஃபவுல் எந்த மாதிரி, அவ்வளவுதான். பாயின்ட் நவம்பரை விடப் பாதிதான். ஆனா ஜனவரில இடது பக்கம் ஒரு ஆள் சேர்ந்து வந்து மறிச்சாலே பந்தைத் தொலைச்சிடுவான். இப்ப ரெண்டு ஆள் வந்தா மூலையில நிக்கறவனுக்கு எறியறான். எறியறது பாதி தடவை முதல் வரிசையில பாப்கார்ன் தின்னுக்கிட்டு இருக்கற தாத்தா மடியில போய் விழுது. கும்பல் 'ஊஊ'ன்னு கத்துது. நான் நோட்டுல ஒரு டிக் போடறேன். பக்கத்துல இருக்கறவன் என்னை ஒரு மாதிரி பாக்கறான்.

ப்ரீ த்ரோ பத்தி இப்போதைக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல, இன்னும் அறுபது கூட போடல. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால போனா காலி மைதானத்துல உதவி கோச் ஒருத்தர் பந்து எடுத்துப் போட, தனியா போட்டுக்கிட்டு இருப்பான். முழங்கை முன்னால வெளிப்பக்கம் விரிஞ்சு இருக்கும், இப்ப உள்ள வந்திருக்கு. அடுத்த வருஷமும் அதே உதவி கோச் இங்க இருந்தா தேவலை.

மக்களே, உங்கள்ல ஊர்ல வாலிபால், கபடி டீம் நடத்தினவங்க, ஆடினவங்க இருப்பீங்க. புதுசா வர்ற நெட்டைப் பையன் தேறுவானா மாட்டானான்னு முதல் ஒரு மாசத்துல நீங்க எதைப் பாத்து முடிவு பண்ணுவீங்க? கால்னு ஒருத்தர் சொல்வீங்க, கண்ணுன்னு ஒருத்தர் சொல்வீங்கன்னு நினைக்கறேன். பின்னூட்டத்துல எழுதுங்க. நோட்டுல இன்னும் ரெண்டு பத்தி காலியாத்தான் இருக்கு.